மல்சனூலோ என்ற சொல்லின் நடுவே

என் பிரியத்துக்குரிய அண்ணாச்சிக்கு,

உலகத்தார் எல்லாரும் உறவாகப் பேச வேண்டும் என்று உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியை, நம் சங்கரன்கோவிலில் நாம் இருவர்தான் படித்தோம். இப்போது நான் ஒருவன். அதை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவேன்?

பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திவிட்டு வந்து, தமிழாசிரியனான எனக்கு நீங்கள் முதலில் பிரித்துக் காட்டிய சொல் நினைவிருக்கிறதா? மல், எதிர். சன், உடல்நலம். ஊல், ஆள். கடைசி ஓ, பெயர்ச்சொல்லின் அடையாளம். சேர்த்தால் மல்சனூலோ, நோயாளி. "நோயாளிக்கு நடுவுலயும் நலம் உக்காந்திருக்கு பாத்தீரா வே" என்று சிரித்தீர்கள்.

கட்டிலில் கிடந்தபோதும் அந்தச் சொல்லைத்தான் முனகினீர்கள். சளி இறங்கினால் எழுந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் உங்கள் மகன் குமாருக்கு லீவு முடிகிறதே! பால் ஊற்றச் சொந்தக்காரர்களை வரவழைத்துவிட்டான்.

"அப்பா என்னமோ உளறுதாரே சித்தப்பா?" என்று என்னிடம் கேட்டான்.

"உளறலடே. நான் சீக்காளிதான், சாகலைன்னு சொல்லுதாரு."

"போற நேரத்துலயும் வாத்தியாரு பாடம் எடுக்காரு" என்றாள் உங்கள் தங்கச்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

"அவரால விழுங்க முடியாதும்மா, ஊத்தாதிய" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"தள்ளுங்க சித்தப்பா, நாளைக்கு எனக்கு ரயிலு" என்றான் குமார்.

ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். உங்களுக்குப் புரையேறியது. அவர்கள் தோள்களுக்கு இடையே என்னைத் தேடிப் பார்த்தீர்கள். வரிசை முடியும் முன்பே நீங்கள் முடிந்துபோனதில், பின்னால் நின்றவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

பதினாறாம் நாளுக்குக் குமார் திரும்பி வந்தான். "அப்பா பாஷையில நல்லதா ஒரு வார்த்தை எழுதித் தாங்க, பிளெக்ஸ்ல போடுதேன்" என்றான். எழுதித் தந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உங்கள் படத்துக்குக் கீழே, தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் நிற்கிறது: முர்தீத்தோ. குமார் அதன் அருகே நின்று போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். உங்கள் தங்கச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முர்த், கொலை செய்வது. ஈத், அதற்கு ஆளாகி முடிந்தது. ஓ, பெயர்ச்சொல். கொலையுண்டவர். சரியாகச் சேர்த்திருக்கிறேனா அண்ணாச்சி?

இதுவரை யாரும் அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால், அது குமாராகவே இருந்தாலும், குரலை உயர்த்த மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் எனக்குச் சொன்னதைப் போலவே, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, விளங்கும்வரை சொல்லிக்கொடுப்பேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி