அப்பாவின் கால் பெருவிரல்

அன்புள்ள இளமதிக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பாவும் காலைத் தவிர நன்றாகவே இருக்கிறார். பெர்த் குளிர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துக்கொண்டதா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்வார், அதனால்தான்.

மார்ச் மாதம் கால் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னாரே, அது பொய். அவருடைய வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் ஓரத்தில் ஒரு கோடு, பிறகு நகம் முழுக்கப் பரவி, தடித்து, மாவு மாதிரி உதிர ஆரம்பித்தது. சாங்கி ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் பன்னிரண்டு மணி நேரம் சேஃப்டி பூட்ஸும் ஈரக் காலுறையுமாக நின்றால் வராமல் என்ன செய்யும்? பூஞ்சையாக இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரை வேறு இருக்கிறது என்றேன். சர்க்கரைக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே கேட்டார், பெரிய நிபுணர். அப்புறம் நான் பார்க்கக் கூடாதென்று வீட்டுக்குள்ளேயே காலுறை போட ஆரம்பித்தார். சிலோன் ரோடு பிள்ளையாரைக் காலுறையோடு சுற்றிய மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வைத்தியம் பண்ணாமலும் இல்லை. கூட வேலை செய்யும் சேக் தாவூது சொன்னாராம் என்று ஒரு மாதம் வினிகரில் காலை ஊறவைத்தார், வீடே நாறியது. பிறகு தேக்கா சந்தையில் யாரோ விற்ற பச்சைத் தைலம், மூன்று புட்டி. மஞ்சள் நகம் பச்சையானதுதான் மிச்சம். ஊரில் யார் சொன்னாலும் கேட்பார், முப்பத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவள் சொன்னால் மட்டும் காது கேட்காது.

கடைசியில் அந்த மார்ச் மாதம் பிளேடை எடுத்திருக்கிறார். துணி துவைக்கப் போட்டபோது காலுறையில் ரத்தம். கழற்றுங்கள் என்று நின்று பார்த்தால், நகத்தைச் சதையோடு சீவி வைத்திருக்கிறார், பாதம் சிவந்து வீங்கிக் கிடக்கிறது. நாலு நாளாகிறதாம், வலிக்கவே இல்லையாம், அதைப் பெருமையாகச் சொன்னார். டாக்சி பிடித்து பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

ஷபானா என்று நம் தமிழ் பேசும் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். காயத்தைத் துடைத்துவிட்டு, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டாள், தொட்டதும் சொல்ல வேண்டும். ஒரு இடம், இரண்டு இடம், மூன்று இடம். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவர் கண்ணை மூடியபடி, "இன்னும் தொடலையா டாக்டர்?" என்றார்.

எனக்கு அதற்கப்புறம் திட்ட வாய் வரவில்லை, இளமதி.

"அங்கிள், பூஞ்சைக்கு மருந்து இருக்கு. ஆனா சர்க்கரையால உங்க காலுக்கு வலி தெரியல. இனிமே நகத்துல நீங்களா கை வைக்காதீங்க லா," என்றாள். முதலில் காயத்துக்கு மாத்திரை. மஞ்சளாக இருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நகத்தில் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். பூஞ்சைதான் என்று வந்த பிறகு, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்தாள். முழு நகமும் மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். பழைய பூட்ஸைத் தூக்கிப் போட்டேன், என் நகவெட்டியைத் தனியாக ஒளித்து வைத்தேன். இப்போது காயம் ஆறிவிட்டது, நகத்தின் அடியில் மெல்லிசாகப் புதுசு முளைக்கிறது. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தன் கெட்டிக்காரத்தனம் மாதிரிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நீயும் நீச்சல் குளத்தில் வெறுங்காலோடு நடக்கிறவள். செருப்புப் போடு, விரல் இடுக்கை நன்றாகத் துடை, நகப்பூச்சை மாதம் ஒரு தரமாவது முழுக்கத் துடைத்துவிட்டு நகத்தின் நிறத்தைப் பார். அப்பா புத்தி உனக்கு வந்திருக்குமோ என்றுதான் பயம்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அந்த இழை விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. தினமும் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் பாதத்தை நான் பார்க்கிறேன், அவரும் பேசாமல் நீட்டுகிறார். திட்டுவதற்கு நான் இருக்கிறேன். நீ போனில் அவரோடு சிரித்துப் பேசு.

ஆசியுடன்,
உன் அம்மா
வசந்தகுமாரி நடேசன்