ஆள் பெயர் கூடாது

9 ஜனவரி, நீடாமங்கலம்

பக்கத்து வயலில் காலையிலிருந்து அறுவடை மிஷின் ஓடுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டுரையை எழுதினேன். ‘சாம்பல் நீலச் சுண்ணாம்புக்கல். மெல்லிய அடுக்குகள். மேற்பகுதியில் டெவோனியன் காலத்துப் பவளங்கள்.’ இதுவரை யாரும் தனியாகப் பிரித்து விவரிக்காத பாறை. இமயத்தில், ஸ்பிட்டி மலையில் நானும் அஸாரும் அளந்தோம். கல்லூரியிலிருந்தே எல்லாம் சேர்ந்துதான், கல்யாணத்துக்குப் பிறகும். அளந்துகொண்டிருக்கும்போதே சரிவு பெயர்ந்தது. நான் மேலே நின்றிருந்தேன். அவன் கீழே.

பெயர் வரவேண்டிய இடத்தில் ‘அஸார் சுண்ணாம்புக்கல்’ என்று தட்டினேன். மகன் பேரில் ஒரு மலை வரப்போகிறது என்று மாமி தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

16 ஜனவரி

பேராசிரியர் புகழேந்தி போன் செய்தார். “ஆள் பேரு வைக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும்லம்மா. பக்கத்துல இருக்கற ஊரோ ஆறோ, அந்தப் பேருதான் வைக்கணும்.”

தெரியும். முதல் வருடப் பாடம். தெரிந்தும் ஏன் தட்டினேன்?

17 ஜனவரி

மாமியிடம் சொல்லவில்லை.

3 பிப்ரவரி

பக்கத்தில் ஊர் இல்லை. ஓர் ஓடைதான் இருக்கிறது. அங்கே எங்களுக்கு ஓட்டிய ஜீப் டிரைவரிடம் போனில் கேட்டேன். ஆடு மேய்ப்பவர்கள் அதைத் தோங்மா என்பார்களாம். தோங்மா சுண்ணாம்புக்கல். விதிப்படி சரி. ரொம்பச் சரி.

அந்த ஓடையிலேர்ந்துதானே அவனைத் தூக்குனாங்க — என் கையாலேயே அந்தப் பேர எழுதணுமா?

4 பிப்ரவரி

எழுதி அனுப்பிவிட்டேன்.

11 பிப்ரவரி

மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தார். “பேரு வச்சாச்சா ஷமீரா?”

“ஆள் பேரு வைக்க விடமாட்டாங்க மாமி. அங்க இருக்கற ஓடையோட பேருதான்.”

“எந்த ஓடை?”

நான் குனிந்து செதிலைப் பொறுக்கினேன். அவர் கை நின்றது.

“அதுவா?” என்றார். “அந்தக் கல்லுக்குப் பேரே வைக்காம விட்டுருக்கலாம்லம்மா.”

விட்டிருக்கலாம். விட்டால் அவன் அளந்ததும் இல்லையென்று ஆகிவிடும். வைத்து மட்டும் என்ன கிடைத்தது?

20 ஜூன்

கட்டுரை வெளிவந்துவிட்டது. முதலில் அஸார் பெயர், அடுத்து என்னுடையது. அவன் பெயர் மேல் சின்னதாக ஒரு குறி. பக்கத்தின் அடியில் ‘மறைந்தவர்’.

சாயங்காலம் குவைத்திலிருந்து அவன் தங்கை சுமையா கூப்பிட்டாள். மாமி ஸ்பீக்கரில் போட்டார்.

“ம்மா, மலைக்கு அண்ணன் பேரு வந்துருச்சா?”

மாமி என்னைப் பார்க்கவில்லை. “வந்துருச்சு” என்றார். “வேணும்னா ஷமீராகிட்டயே கேளு.” போனை என் பக்கம் நீட்டினார்.

“ஆமா சுமையா” என்றேன்.