முகமூடிக்குள் இருந்தவருக்கு

நிங்னிங்கின் அப்பாவுக்கு,

எங்களை விட்டுப் போய்ச் சேர்த்துக்கொண்டவளோடு மனிலாவில் சுகமாக இருப்பீர்கள். முகமூடியை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான் இந்த விலாசம் கிடைத்தது.

புனித வாரத்தில் ரோமானியச் சிப்பாயின் மர முகமூடியைப் போட்டுக்கொண்டு, நேர்ந்துகொண்டு ஏழு நாள் தெருவில் நடப்பவர்களோடு கலந்துவிட்டால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தீர்கள். இடது காலை இழுத்து நடக்கிறவர் இங்கே வேறு யார்?

திங்கட்கிழமையே உங்கள் தங்கை ஓடிவந்தாள். "அண்ணன்தான் அண்ணி. பிள்ளைக்குக் குணமாகணும்னு நேர்ந்துக்கிட்டு வந்திருக்கு. சொல்லிடுங்க, பாவம்."

"நேர்த்திக்கடனைப் பாதியில நிறுத்தக் கூடாதுடி. ஏழு நாளும் நடக்கட்டும்," என்றேன். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வெயிலில் வாசலில் வந்து நின்றீர்கள். தண்ணீர் கொடுத்தேன்.

"பொண்ணுக்காகவா நடக்கறீங்க?"

தலையாட்டினீர்கள். முகமூடியின் தாடையிலிருந்து வேர்வை சொட்டியது.

"விடாம நடங்க. ஆண்டவர் கேக்காமலா போயிடுவாரு?"

நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, முன்னைவிட வேகமாகக் காலை இழுத்துக்கொண்டு போனீர்கள்.

நிங்னிங்கை ஜனவரியிலேயே புதைத்துவிட்டோம். ஏழு நாளும் அந்தக் கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் நடந்தீர்கள்.

அடுத்த வருஷமும் வாருங்கள். தண்ணீர் எடுத்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்