நீ இறங்கித் தள்ளிய மூன்று ஏற்றங்கள்

நம் மகள் கோயம்புத்தூரிலிருந்து கொண்டு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்ததும், புதுச் செயினின் கிரீஸ் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. பாகங்களைத் தானே பார்த்துப் பார்த்து வாங்கி ஒரு சைக்கிள் கட்டுகிறாளாம். பின்சக்கரத்துக்கு மட்டும் பத்துப் பல்சக்கரங்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது உன் சைக்கிள் நினைவு வந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, நெல்லியாளம் பக்கத்துத் தோட்டத்துக்கு நாம் வந்து சேர்ந்த புதிது. எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அங்கே பார்த்த மருத்துவச்சி வேலையே உனக்கு இங்கேயும் கிடைத்தது. ஆனால் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. ஒரு நாள் நீ நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு குழந்தை பிறந்து, மூச்சு விடாமலே போய்விட்டது. அன்று நீ சாப்பிடவில்லை. "பைசிக்கிள் ஒண்ணு இருந்தா நேரத்துக்குப் போயிருப்பேங்க" என்று மட்டும் சொன்னாய்.

ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் பழைய சைக்கிளிலிருந்து மூன்று கியர் கொண்ட பின்சக்கரம் கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, உனக்காக வாங்கிய சைக்கிளில் அதைப் பூட்டினேன். இந்த மலையில் இப்படியொரு வண்டி யாரிடமும் இல்லை என்று எனக்குப் பெருமை.

இரண்டாவது வாரமே, தோட்டத்தின் மேல் டிவிஷன் ஏற்றத்தில் கியர் நழுவி நீ விழுந்தாய். கிழிந்த முழங்காலோடு நடந்தே போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு, சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"கியரைச் சரியா மாத்தினியா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

"சரியாத்தான் மாத்தினேன். புடிக்காம பெடல் காத்துல சுத்துச்சு. இனி அதுல ஏற ஏலாதுங்க, பயமா இருக்கு." முழங்காலைக் கழுவிக்கொண்டே, "நான் போற ரோட்ட நீங்க ஒரு நாளாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாய்.

பார்த்ததில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகப் பயந்து பயந்து வண்டியில் ஏறிய உன் பின்னால் நடந்தேன். மூன்று இடங்களில் நீ இறங்கித் தள்ளினாய். மூன்றாவது ஏற்றத்தில், பையின் கனத்தில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்க, குனிந்து குனிந்து தள்ளினாய். அதுவரை நான் சக்கரத்தின் பல் எண்ணியதெல்லாம் பட்டறையின் சமதரையில்தான்.

"எவ்வளவு மெதுவாப் போனாலும் சரி. வழியில கெடக் கூடாது, நிக்காமப் போகணும்" என்றாய்.

மூன்று கியரையும் கழற்றிவிட்டேன். முன்னால் இருந்த நாற்பத்தாறு பல் சக்கரத்துக்குப் பதில், சிறுவர் சைக்கிளிலிருந்து எடுத்த முப்பத்திரண்டு பல் சக்கரம். பின்னால் பதினெட்டுக்குப் பதில் இருபத்திரண்டு. செயினில் மிச்சமான கண்ணிகளை எடுத்தேன். ஒரே கியர்; வேகம் குறைவு, ஆனால் மேட்டில் மிதிக்க லேசு.

முதல் நாள் கடைவீதியில் டீக்கடைக்காரர் சிரித்தார். "ஏனுங்க நர்ஸம்மா, காலு இந்தச் சுத்து சுத்துது, வண்டி நகரக் காணோமுங்களே?"

"நகருதுங்கண்ணே. மேட்டுல வந்து பாருங்க" என்றபடி நீ நிற்காமல் போனாய்.

அந்த ஆடி மழையில் பாதை அரித்து, ஜீப் ஏற முடியாமல் நின்றது. நீ ஏறிவிட்டாய். மேல் லயத்தில் இரட்டைக் குழந்தை. நனைந்து திரும்பி, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்: "ரெண்டும் அழுதுச்சுங்க." இருவரும் அடுப்பருகில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்து, தன் சைக்கிளுக்கு எந்தப் பல்சக்கரம் போடலாம் என்று கேட்டார். நான் ஸ்பேனரைத் தொடவில்லை.

"எந்த மேட்டுல எறங்கித் தள்றீங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் காட்டுவதற்காக முன்னால் ஓட்டிப் போனார். இந்த வயதில், மூச்சு வாங்க, நான் பின்னாலேயே நடந்தேன்.