எல்லாவற்றுக்கும் ஓவ்

அக்கே,

பயணப்பெட்டிக்குள் கருவாட்டுப் பொதியை வைத்தேன். வீடெல்லாம் அந்த வாசனை. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. அடுத்த மாதம் நான் கொழும்பை, இந்தக் கொட்டாஞ்சேனையை விட்டு அமெரிக்காவுக்குப் போகிறேன், மகளோடு இருக்க.

நேற்றுத் தொலைபேசியில் அவள் போகிற போக்கில் சொன்னாள்: "அம்மா, இங்க இங்கிலீசை அரசமொழியாக்கச் சட்டம் கொண்டுவரப் போகினமாம்." என்ன சட்டம் என்று இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். "பயப்பிடாதேங்கோ, எங்களுக்கு ஒண்டும் மாறாது" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியும், மாறாதுதான். எனக்கு?

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சிங்களத்தியான நீங்கள்தான் என்னைப் புறக்கோட்டைச் சந்தைக்குக் கூட்டிப்போனீர்கள். மீன் வாங்கித் திரும்பும்போது நீங்கள் வெற்றிலைக் கடையில் நின்றுவிட்டீர்கள். நான் சோதனைச் சாவடிவரை முன்னால் நடந்துவிட்டேன். சிங்களத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல், ‘ஓவ்.’ ஆமாம் என்று அர்த்தம்.

தனியாகவா வந்தாய் என்று சிப்பாய் கேட்டானாம். "ஓவ்." யாராவது கூட வந்தார்களா என்று கேட்டானாம். அதற்கும் "ஓவ்." யாரையோ மறைக்கிறேன் என்று நினைத்து, துவக்கை என் பக்கம் திருப்பினான்.

நீங்கள் ஓடிவந்தீர்கள். என்னோடு வந்தவள் என்று சிங்களத்தில் கத்தினீர்கள். அவர்கள் நம்பவில்லை. என்னைப் பொலிசுக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். நீங்கள் போயிருக்கலாம், உங்களை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் என் பக்கத்தில் வந்து குந்தினீர்கள். தமிழச்சிக்கு ஏன் வக்காலத்து என்று ஒருவன் அதட்டியபோது, என் கையைப் பிடித்திருந்த உங்கள் கை என்னுடையதைவிட மோசமாக நடுங்கியது.

பின்னேரம் விட்டார்கள். மீன் நாறிப்போயிருந்தது. ஒழுங்கை முனையில் பூனைகளுக்குக் கொட்டிவிட்டு, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் ‘நங்கி’ என்று கூப்பிட்டு, மிச்சத்தை உங்கள் அரைகுறைத் தமிழில் ஏசினீர்கள்:

"ஏன் நங்கி ஓவ் சொன்னது? தெரியாதெண்டா தெரியாது சொல்லு! பயந்து ஓவ் சொல்ல வேணாம்!"

நான் அழுதேன். பிறகு நீங்களும் அழுதீர்கள்.

நேற்று மகளிடம் கேட்டேன்: "நீ வேலைக்குப் போன பிறகு ஆரும் வந்து கதவடிச்சு இங்கிலீசில கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"போன்ல மொழிபெயர்ப்பு இருக்கம்மா. சரி, இப்ப நான்தான் அந்த ஆள்" என்று சொல்லி, ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ கேட்டாள்.

"யெஸ்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்கள் வீட்டில தனியாவோ எண்டு கேட்டனான், அம்மா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயதிலும் பயம் வந்தால் என் வாய் ஆமாம் என்றுதான் சொல்கிறது.

சட்டம் வருமோ தெரியாது. வந்தால் யாருடைய வாயை அடைக்குமோ, அதுவும் தெரியாது. இரவில் நித்திரை வருவதில்லை. ஆனாலும் போகத்தான் போகிறேன். அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அக்கே, நீங்கள் பயமில்லாத மனுசி இல்லை. பயந்து பயந்துதான் என் பக்கத்தில் இருந்தீர்கள். எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். அங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன பாசை கதைக்கிறார்கள், ஒன்றும் அறியேன். போன முதற்கிழமையே சமைத்தது எதையாவது ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டப்போகிறேன்.

நடுங்கிக்கொண்டுதான் தட்டுவேன்.