முகமூடி வெள்ளி

மார்ச் 3, செவ்வாய்

மாத்திரை வாங்கப் போன எடத்துல கவிஞர் கூட்டத்துல சேந்துட்டேன்.

மருந்துக்கடைக்காரம்மா சீட்டைப் பாத்துட்டு, "ஐயா, உங்க பிரஷருக்கு மாத்திரை இருக்கு, வாய்க்குத்தான் இல்ல"ன்னாங்க. "இருந்திருந்தா என் வீட்டுக்காரி பெட்டியோட வாங்கியிருப்பாளே"ன்னேன். அந்தம்மா சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துருச்சு. அவங்க ஃபோன்ல ஒரு குழு நடத்துறாங்களாம். ஒருத்தர் கவிதை போடணும், மத்தவங்க நல்லது கெட்டது சொல்லணும். ஆனா எல்லாரும் 'அருமை, அருமை'ன்னே போட்டுட்டுப் போயிடறாங்களாம். "உங்கள மாதிரி வாய்த்துடுக்கு ஒருத்தர் வேணும்"னு அங்கயே என்னைச் சேத்துவிட்டாங்க.

எட்டாங்கிளாஸோட என் படிப்புக்கு பிரேக் போட்டாச்சு. அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டினவன். எனக்கும் கவிதைக்கும் என்ன ஒட்டு?

குழுவுல எல்லாருக்கும் புனைபேரு உண்டாம். நான் 'பழைய ஹாரன்'னு வெச்சுக்கிட்டேன். வீட்டுக்காரி கேட்டுட்டு, "பொருத்தந்தான். வேண்டாத எடத்துலதான் அடிக்கும்"னா.

மார்ச் 5, வியாழன்

காலையில இருந்து பால்கனியில உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். இவங்கெல்லாம் யாரு? எங்க உக்காந்து எழுதறாங்க? கவிதையில அழுவுறவங்க எல்லாம் ஃபோட்டோவுல மட்டும் ஏன் பல்லைக் காட்டறாங்க?

'சங்கநாதம்'னு ஒருத்தர். "ஓ மானுடமே! எழு!"ன்னு போட்டிருந்தாரு. "எழுந்துட்டேன் சார். இப்ப எங்க போகணும்?"னு கேட்டேன்.

'ஈரத் தீக்குச்சி'ன்னு ஒரு அம்மா. அவங்க போட்டது:

வாயைத் திறங்கன்னு சொல்றேன்
திறக்கறாங்க
என்கிட்டதான்
யாரும் சொல்லல

எனக்குச் சுருக்குன்னுச்சு. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டேன். பல் டாக்டர்கிட்ட உதவியாளாம். டாக்டர் பல்லைக் குடையும்போது, எச்சி உறிஞ்சற குழாயப் புடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கணுமாம். அட, அங்க நின்னுக்கிட்டு இப்படி ஒண்ணு தோணுமா! "எனக்குப் பல்லே பாதிதாம்மா இருக்கு, இதப் படிச்சதும் அதுவும் வலிக்குது"ன்னு போட்டேன்.

"ஹாரன் ஐயா, ஒருத்தராச்சும் அருமைன்னு சொல்லாம விட்டீங்களே, ரொம்ப நன்றி"ன்னு எழுதினாங்க.

மார்ச் 8, ஞாயிறு

தீக்குச்சியம்மா இன்னிக்குத் தனியா ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் படிச்சுட்டு, "இதெல்லாம் கவிதையா? பேசறத உடைச்சு உடைச்சுப் போட்டிருக்கே"ன்னு சொன்னாராம். "அவர் சொல்றது நெசமாய்யா? நெசம்னா விட்டுடறேன். எனக்கும் வீட்டு வேலை கெடக்கு"ன்னு கேட்டாங்க.

"உங்க வீட்டுக்காரரு கொழம்பையாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்காரா?"ன்னு போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒண்ணு அனுப்பினாங்க. அதோட சரி.

கேட்டதுக்குப் பதில் சொன்னேனா நான்? ஜோக்குதான் அடிச்சேன். பரவால்ல, சிரிச்சாங்கல்ல.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டுக்காரி: "அது யாரு தீக்குச்சி? நீங்க பீடிய விட்டுத்தான் வருஷக்கணக்காச்சே."

மார்ச் 13, வெள்ளி

இன்னிக்கு 'முகமூடி வெள்ளி'. வாராவாரம் நடக்கிற கூத்தாம், போன வாரம் நான் கவனிக்கல. எழுதினத மருந்துக்கடைக்காரம்மாவுக்குத் தனியா அனுப்பணும். அவங்க பேரில்லாம குழுவுல போடுவாங்க. மறுநாள்தான் யாரு எழுதினதுன்னு சொல்லுவாங்க. மூஞ்சி பாத்துப் பேசாம உள்ளத உள்ளபடி சொல்லட்டும்னு ஏற்பாடு.

ஒண்ணு வந்துச்சு பாருங்க:

ஓ காலத்தின் கருஞ்சிறகே!
பிரபஞ்சப் பெருவெளியில்
ஆன்மாவின் தீபமாய் அலைகிறேன்!

பாத்ததும் கண்டுபுடிச்சுட்டேன், இது நம்ம சங்கநாதம். இவரு எந்த முகமூடி போட்டா என்ன, மீசை வெளிய தெரியுதே! வாகாச் சிக்கினாருன்னு ஒரு பிடி பிடிச்சேன். "பஸ்ஸுக்குப் பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, சுத்தி லைட்டெல்லாம் மாட்டி, இன்ஜின வைக்க மறந்துட்டாங்க. பிரபஞ்சம் இருக்கு, ஆன்மா இருக்கு, ஆளத்தான் காணோம்"னு போட்டேன். குழுவே உருண்டு சிரிச்சுது. அந்த ருசியில இன்னொண்ணும் போட்டேன்: "எழுதினவரு உள்ள ஒரு மனுஷன உக்கார வெச்சா டிக்கெட் நான் எடுக்கறேன்."

இன்னிக்குச் சோறு ரெண்டு கரண்டி கூடவே எறங்கிச்சு.

மார்ச் 14, சனி

பேரு சொல்லிட்டாங்க.

சங்கநாதம் இல்ல. தீக்குச்சி.

அட கடவுளே.

குழுவுல அவங்க போட்டது: "நான் பேசற மாதிரி எழுதினா கவிதையே இல்லன்னு வீட்டுல சொன்னாங்க. சரி, கவிதை மாதிரியே எழுதிப் பாப்போம்னு எழுதினேன். அதுல ஆளே இல்லன்னு ஐயா சொல்லிட்டாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு. எனக்கு ரெண்டும் வரல. போயிட்டு வரேன்."

போட்ட கையோட குழுவ விட்டும் போயிட்டாங்க.

என்ன வேலைடா பாத்து வெச்சே? அன்னிக்கே ஒழுங்கா ஒரு பதில் சொல்லியிருந்தா அந்தம்மா எதுக்குக் கருஞ்சிறகு மாட்டிக்கிட்டு வரப் போறா? வாயி... இந்த வாயி...

மார்ச் 15, ஞாயிறு

கடைக்குப் போனேன். மாத்திரை தீரலன்னு அந்தம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சங்கநாதம்னு நெனச்சு அடிச்சுட்டேம்மா."

"ஓ, சங்கநாதம்னா அடிக்கலாமா?"

பின்னால இருமல் மருந்துக்கு வந்தவரு, "பெரியவரே, நகருங்க"ன்னாரு.

சாயங்காலம் சங்கநாதமே ஃபோன் பண்ணிட்டாரு. சண்டைக்குத்தான் வராருன்னு பாத்தா, குரல் பூனைக்குட்டி மாதிரி இருக்கு. "என்னை நெனச்சுத்தான் எழுதினீங்கன்னு எனக்குத் தெரியும் சார். அந்தம்மா திரும்ப வருவாங்களா?"ன்னு கேட்டாரு. எனக்கு அரிப்பு தாங்கல. "நீங்க ஏன் சார் எப்பவும் மானுடத்தையே கூப்பிடறீங்க?"ன்னு கேட்டேன். "வீட்டுல கூப்பிட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க சார்"னாரு.

இது தெரியாம நான் 'எழுந்துட்டேன் சார்'னு நக்கல் பண்ணியிருக்கேன்.

மார்ச் 17, செவ்வாய்

தீக்குச்சியம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத உக்காந்தேன். எப்படி எழுதினாலும் கடைசியில ஒரு ஜோக்கு வந்து ஒட்டிக்குது. அழிக்கிறேன், திரும்ப ஒட்டுது. வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, "மன்னிச்சிருன்னு சொல்றதுக்கு எதுக்கு வாலு?"ன்னா.

"உன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டிருக்கேன்ல?"

"எந்த ஜென்மத்துல?"

அப்புறம் அந்த 'வாயைத் திறங்க' கவிதைய அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். கத்திரிக்கா அரிஞ்சுக்கிட்டிருந்தவ கத்தியக் கீழ வெச்சா. "இன்னொரு வாட்டி படிங்க"ன்னா. படிச்சேன். "யாரு எழுதினா?"ன்னு கேட்டா. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கற அம்மான்னேன். "அவளுக்கு எப்படி என்னைத் தெரியும்?"னா.

இத அப்படியே அவங்களுக்கு எழுதி அனுப்பினேன். "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு என் வீட்டுக்காரி சொல்ற பதில் இது. என் பதிலும் இதேதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும்." வாலு வைக்கல.

மார்ச் 18, புதன்

பதில் இல்ல.

மார்ச் 19, வியாழன்

அவங்கள அடிச்சேனே, நானும் ஒண்ணு எழுதி அடி வாங்கினா என்னன்னு உக்காந்தேன். யப்பா! பஸ் நெறையக் கூட்டத்த ஏத்திக்கிட்டு மலை ஏறினதுகூட இவ்வளவு கஷ்டமா இல்ல. நாலஞ்சு வரிக்குப் பொழுது சாஞ்சு போச்சு. ஒரு வார்த்தைய இங்க இருந்து அங்க நகத்தினா மொத்தமும் ஆடுது. ஏன் ஆடுது? யாரக் கேக்கறது?

இந்தப் பாட்டையா இவங்க வாரா வாரம் படறாங்க? அதுவும் சம்பளமில்லாம?

மார்ச் 20, வெள்ளி

முகமூடி எனக்கு வேணாம், என் பேரப் போட்டே விடுங்கன்னு சொன்னேன். "வெள்ளிக்கிழமை பேரு போடற வழக்கமில்லையே ஐயா"ன்னாங்க மருந்துக்கடைக்காரம்மா. "விழற அடி மூஞ்சியிலயே விழட்டும்மா."

கை காட்டினா
நான் நிறுத்தல
கண்ணாடியில சின்னதாயிட்டே போனா
காட்டின கை எறங்கவே இல்ல
மன்னிச்சிரு தாயி

தீக்குச்சியம்மாவுக்கும் தனியா அனுப்பி, "சொல்லுங்க"ன்னு மட்டும் போட்டேன்.

குழுவுல அருமை, அருமை, அருமை. எரிச்சலாவும் இருக்கு, ஒவ்வொண்ணாத் திரும்பத் திரும்பப் பாக்கவும் தோணுது. இது என்ன கண்றாவி? சங்கநாதம் மட்டும், "நன்று. பிரபஞ்சம் சற்றுக் குறைவு"ன்னு எழுதியிருந்தாரு. பழி வாங்கிட்டாரு. வாங்கட்டும், நல்ல மனுஷன்.

மார்ச் 22, ஞாயிறு

வந்துருச்சு. தீக்குச்சியம்மா எழுதினத அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஹாரன் ஐயா, மூணாவது வரியில 'போனா'ன்னு இருக்கு. அவ எங்க போனா? போனது நீங்க. அவ நின்ன எடத்துலயேதான் நின்னா. அப்புறம் கடைசி வரி வேணாம். எறங்காத அந்தக் கையே போதும். அதுக்கு மேல நீங்க பேசினா கை மறைஞ்சு, நீங்கதான் தெரியறீங்க."

என் கவிதைய எடுத்துத் திரும்பப் படிச்சேன். எவ்வளவு வருஷம் அந்தக் கண்ணாடியப் பாத்து ஓட்டியிருக்கேன்! அவங்கதான் போறாங்கன்னே நெனச்சுட்டேனே!

"மன்னிச்சிருன்னு எழுதின வரியத்தான் எடுக்கச் சொல்றீங்க, தெரியுதாம்மா?"ன்னு கேட்டேன்.

"தெரிஞ்சுதான் சொல்றேன். அத நான் வாங்கிக்கிட்டேன். கவிதைக்கு அது வேணாம்."

எடுத்துட்டேன். 'போனா'வ எடுத்துட்டு 'நின்னா'ன்னு மாத்திட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

தீக்குச்சியம்மா குழுவுக்குத் திரும்பி வந்துட்டாங்க. வந்ததும் ஒண்ணு போட்டாங்க:

இதெல்லாம் கவிதையான்னு கேட்டார்
தட்டைக் கழுவிட்டுச் சொல்றேன்னேன்
சுத்தமான தட்டை
இன்னொரு தடவை கழுவறேன்

சிறகும் இல்ல, தீபமும் இல்ல. ஆள் இருக்கு, அந்த சிங்க்கு முன்னாடி நிக்குது. எனக்குக் கை துறுதுறுங்குது. 'சோப்புக்கு யாரு காசு தராங்க?'ன்னு ஃபோன்ல அடிச்சேன். அழிச்சேன். கவிதையத் திரும்பப் படிச்சேன். அப்புறம் எனக்கு நெசமாவே தெரிஞ்சுக்க வேண்டியதக் கேட்டேன்: "கழுவி முடிச்சீங்களாம்மா?"

"முடிச்சுட்டேன் ஐயா. அவர்கிட்ட பதிலும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"அத இப்பத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன், சொல்ல மாட்டேங்கறாங்க. பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டிருந்த வீட்டுக்காரி, "அவ எழுதி முடிக்கட்டும், சும்மா இருங்க"ன்னு என் கையில இருந்து ஃபோனப் புடுங்கிட்டா. புடுங்கினவ கீழ வைக்கல. அங்கயே நின்னு, அந்தக் கவிதைய மொதல்ல இருந்து படிக்க ஆரம்பிச்சுட்டா.