இஸ்திரிக்குப் போன சட்டைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே நாங்களும் நலம் என்று இந்தத் தடவை பொய் கலக்காமலே எழுதலாம் என்கிறாள் அம்மா. எப்போதும் அவள்தானே உனக்கு எழுதுவாள், வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் அவள் காதோரம் கிசுகிசுக்க நான் எழுதுகிறேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் அவள், ஈரத் தரையில் பலகை போட்டு நான். அப்பா கூடத்தில் தூங்குகிறார். அவர் குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது, அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

அக்கா, இன்றைக்கு கோர்ட்டில் நமக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது! சத்தம் போட்டுக் கத்த வேண்டும்போல இருக்கிறது, முடியாததால் காகிதத்தில் கத்துகிறேன். எதிர்வீட்டு நர்ஸக்காதான் அம்மாவை இலவச சட்ட உதவி வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். அம்மா இன்றைக்கு அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள், உனக்குத் தெரியுமே, கட்டிலுக்கடியில் நம் துணியெல்லாம் மடித்துத் தயாராக இருக்குமே, அதேதான். வக்கீலம்மா பார்த்துவிட்டு, "என்னம்மா, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். வழக்குப் போட்ட பிறகு அப்பா வீட்டுக்குள் எப்படி விடுவார், வாடகைச் சீட்டே அவர் பேரில்தானே என்றாள் அம்மா. அதற்கு வக்கீலம்மா, "நல்லாருக்கே! அடிச்சவர் காலை நீட்டிப் படுப்பார், அடி வாங்கின நீங்க பையோட தெருத்தெருவா அலையணுமா? சீட்டு யார் பேர்ல இருந்தாலும் அது நீங்க குடியிருக்கிற வீடு. அவரை வெளிய இருக்கச் சொல்லித்தான் கேக்கப்போறேன்" என்றார். அம்மா நம்பவே இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டு அவரைப் படுத்தி எடுத்துவிட்டாள்.

உள்ளே போனதும் நீதிபதியம்மா கை எப்படி உடைந்தது என்று கேட்டார். நம் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா, மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றாள்! ஆஸ்பத்திரியில், கடையில், முன்பு அடிபட்டபோது உனக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லி வாயில் அதுதான் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நீதிபதியம்மா நிமிர்ந்து பார்த்து, உங்கள் வீட்டில் எத்தனை மாடி என்று மெதுவாகக் கேட்டார். அம்மா மாவுக்கட்டைப் பார்த்தபடி, "மாடியே இல்லைங்க" என்றாள். அதற்கப்புறம் எல்லாமே வந்தது அக்கா, நான் பார்க்காதது, நீ பார்த்தது, எல்லாம். நீயும் அந்தக் கடிதத்தைப் படித்தாயே, நம் வீட்டில் ஏது மாடி என்று உனக்குத் தோன்றவில்லையா? கோபமில்லை, நானும்தான் பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னேன்.

முழு விசாரணை பிறகு நடக்கும், அதுவரை அப்பா வீட்டுக்குள் வரவோ நம்மை நெருங்கவோ கூடாது. காலையில் பாதுகாப்பு அதிகாரி போலீசோடு வந்து உத்தரவைக் கொடுப்பார், அதுவரை அவருக்குத் தெரியாது. இன்றிரவு பெண்கள் விடுதியில் தங்குங்கள் என்றார் வக்கீலம்மா. நாங்கள் இல்லையென்றால் அப்பா எங்களைத் தேடிச் சித்தி வீட்டுக்குப் போய் ரகளை செய்வார் என்று அம்மாதான் திரும்பி வந்தாள். நர்ஸக்கா தன் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறார், ஒரு குரல் போதும்.

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது: நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நாளைக்கு அப்பா உனக்குப் போன் போட்டு அழுவார், நன்றாக அழுவார், கேட்டுக்கொள். ஆனால் அவரை மன்னித்துவிடு என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதே. நீ கேட்டால் அவள் செய்துவிடுவாளாம், அதுதான் அவளுக்குப் பயமாம்.

ராத்திரி சாப்பிடும்போது அவர், "என் சட்டையெல்லாம் எங்க?" என்று உறுமினார். அம்மா நிமிரவே இல்லை, "இஸ்திரிக்குப் போட்டிருக்கேன்" என்றாள். நம் துணியெல்லாம் பழையபடி அலமாரியில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் அந்தப் பைக்குள் இப்போது இருப்பது அவர் சட்டைகள், ஷேவிங் சாமான், மேலே பிரஷர் மாத்திரை.

நீ நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தி, இடது கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா

எழுதியது சின்னவள்